எண்ணெய்க் கோட்டுக்குள் அஷ்டமான்

"இன்னிக்கு இந்தப் பள்ளத்தாக்குல தேடினாலும் ஒரு பொண்டாட்டி கிடைக்க மாட்டா அண்ணே," என்றாள் தில்சோபா, கல்லில் உளுந்து அடையைத் திருப்பிப் போட்டபடி. "இன்னிக்கு எல்லாரும் தங்கச்சிங்க."

அஷ்டமான் தாம்ராகார் தன் மாடியறைக்குக் கீழிருந்த அவள் கடையின் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் சொன்னது உண்மைதான். தீபாவளி முடிந்து கிஜா பூஜை. உடன்பிறந்தவனை உட்காரவைத்து நெற்றியில் திலகமிட்டு, மக்மலி எனும் வாடாமல்லி மாலை போட்டு, அவன் ஆயுளுக்கு வேண்டிக்கொள்ளும் நாள். காத்மாண்டுவில் கணவன்மார் தாமே டீ போட்டுக் குடிக்கும் ஒரே நாளும் அதுதான்.

அவருக்கோ அன்று மதியத்துக்குள் ஒரு மனைவி தேவைப்பட்டது.

அஷ்டமான் அரை நாள் தனிச் சுற்றுலா வழிகாட்டி. காலையில் பசுபதிநாதர், அடுத்து பௌத்தநாத ஸ்தூபி, கடைசியில் பாட்டன் நகரத்து அரண்மனைச் சதுக்கம். சிவனையும் புத்தரையும் ஒரே காரில் காட்டிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு ஹோட்டலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எல்லாக் கம்பெனியும் விற்கிற சரக்குதான் இது. போட்டி அதிகமானதும் அவருடைய முதலாளி சாஹுஜி அதன் மேல் ஒரு கொசுறு வைத்தார்: வழிகாட்டியின் வீட்டில், அவர் மனைவி கையால் ஒரு டீ.

கொசுறு பிரமாதமாக விற்றது. சாஹுஜி உடனே ஒரு விதியும் போட்டார். "குடும்பம் குடும்பத்தைப் பார்க்கணும். ஒத்தையா வர்றவனுக்கு டூர் கிடையாது. ஒண்டிக்கட்டை வழிகாட்டிக்கு வேலையும் கிடையாது." ஒற்றை ஆள் பேரம் பேசுவான், ஜோடியாக வருகிறவன் மனைவி முன்னால் கௌரவமாகப் பணத்தை எடுத்து வைப்பான் என்பது அவருடைய கணக்கு.

அஷ்டமானுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆகிவிட்டது என்று சொல்லித்தான் வேலையைத் தக்கவைத்திருந்தார். டீ போடும் மனைவியாக அத்தை மகனின் மனைவி சமேலி வந்து போய்க்கொண்டிருந்தாள். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்து, அவளுடைய ஓரகத்தி வந்தாள். "விளம்பரப் படத்தில் இருந்ததைவிட மனைவி பத்து வயது இளமையாகிவிட்டார்" என்று ஒரு வாடிக்கையாளர் எழுதிப்போட்டார். சாஹுஜி கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஏதாவது வந்துச்சுன்னா, ஏர்போர்ட்ல பேர்ப்பலகை பிடிக்கிற வேலைக்குப் போயிடு," என்று சொல்லிவிட்டார்.

இன்றோ சமேலி, ஓரகத்தி இருவரும் அண்ணன் வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

"உன் தம்பி கத்தார்லதானே இருக்கான்? உனக்கு எங்க போக வேண்டியிருக்கு?" என்றார் அஷ்டமான்.

"நீ ஏன் சொல்ல மாட்ட? போன வருஷம் வீடியோவுல அவன் மூஞ்சி தெரியறப்ப போன் ஸ்கிரீன்லதான் திலகம் வெச்சேன். இன்னும் மூலையில மஞ்சள் ஒட்டிட்டு இருக்கு." அடையை எடுத்துத் தட்டில் போட்டாள். விதவை. இந்தக் கடையைத் தவிர அவளுக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது. "சரி, வர்றேன். ஆனா சும்மா இல்ல."

"எவ்வளவு?"

"காசு யாருக்கு வேணும்? நான் டீ கொடுத்துப் பொண்டாட்டியா நிக்கறேன். அதுக்கு முன்னாடி நீ என் அண்ணனா மண்டலத்துல உக்காரணும். முகூர்த்தம் பன்னெண்டுக்கு முன்னாடி."

அஷ்டமான் சட்டென்று தொப்பியைத் தலையில் வைத்தார். அவருக்கிருந்த ஒரே அக்கா போய்ச் சேர்ந்தபிறகு ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் அவர் விடுப்பே எடுப்பதில்லை. ஊரெல்லாம் நெற்றியில் வண்ணத்தோடு நடக்கும்போது வெறும் நெற்றியோடு நடப்பது, கடைத்தெருவில் ஒரே ஒரு கடை மட்டும் பூட்டிக்கிடப்பதுபோல் இருக்கும். அதற்காகவே தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொள்வார். உடன்பிறந்தவர் இல்லாதவர்களுக்கென்று ராணிபோக்ரி குளத்துக் கோயிலை இன்று ஒருநாள் திறப்பார்கள். அங்கும் போகமாட்டார். வரிசையில் தெரிந்தவர்கள் நிற்பார்கள்.

"சேலை எடுத்துத் தரணுமா?" என்றார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"அண்ணன்னா எடுத்துத் தரத்தான் வேணும். இந்திரசௌக் கடைத்தெருவுல, நல்லதா."

"பாதி நேரத்து அண்ணனுக்கு முழுச் சேலையா?"

"அப்ப போய்ப் பேர்ப்பலகை பிடி."

பேரம் படிந்தது. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. அவங்க முன்னாடி என்னை 'அண்ணே'ன்னு கூப்பிட்டுத் தொலைக்காதே," என்றார் அஷ்டமான்.

"பின்ன எப்படிக் கூப்பிட?"

"கூப்பிடவே வேண்டாம். பொண்டாட்டிங்க கூப்பிடறதில்ல. யாராவது கேட்டா, 'ஐ ஒய்ஃப்'னு மட்டும் சொல்லு."

"ஐ ஒய்ஃப், ஐ ஒய்ஃப்," என்று அவள் அடுத்த அடைக்கு மாவை ஊற்றினாள்.

*

டிரைவர் காய்லா தாமாங் பசுபதிநாதர் வாசலில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கினான். பதிவுச் சீட்டின்படி திருவாளர் அல்மெய்தா, திருமதி அல்மெய்தா, போர்த்துகல். அவருக்கு அறுபது இருக்கும், நெடிய உருவம். அந்த அம்மாள் குள்ளம், இரண்டு மூன்று வயது மூத்தவளாகக்கூடத் தெரிந்தாள்.

பாக்மதி ஆற்றின் அக்கரைப் படியில் நிறுத்தி அஷ்டமான் கோயிலைக் காட்டினார். அவர்கள் பேசவே இல்லை. பௌத்தநாதத்தில் ஸ்தூபியை வலம்வந்தபோது அவர் முன்னால் போனார், அவள் பின்னால் போனாள். நடுவில் ஒரு கல்யாண ஊர்வலமே போகலாம். படம் எடுக்க நிற்கச் சொன்னால், இடையில் ஒரு பசுமாடு நிற்க இடம்விட்டு நின்றார்கள்.

"தண்ணி வேணுங்களா?" என்று அல்மெய்தா அவளை ஒரு தடவை கேட்டார்.

"வேண்டாம், ரொம்ப நன்றி," என்றாள் அவள்.

அஷ்டமானுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. என்ன மரியாதை! ஒருவரையொருவர் பேர் சொல்லிக்கூட அழைப்பதில்லை. சண்டை, சமாதானம் எல்லாம் தீர்ந்து, பேச்சே தேவைப்படாத இடத்துக்கு வந்துவிட்ட தாம்பத்தியம். தானும் காலத்தில் கல்யாணம் செய்திருந்தால் இப்படித்தான் ஒருத்தி பின்னால் தள்ளி நடந்துவந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

"கல்யாணமாகி எவ்வளவு காலம் சார்?"

"இருபத்தஞ்சு வருஷம்," என்றார் அல்மெய்தா. மனைவி ஸ்தூபியின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டனுக்குப் போகும் வழியில், தெருவெல்லாம் மாலையும் திலகமுமாக ஆண்கள் போவதைப் பார்த்து அவள் காரணம் கேட்டாள். அஷ்டமான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் நாற்பது வருடத் தொழில் விடுமா?

"எமன் ஒருத்தனோட உயிரை எடுக்க வந்தான் மேடம். அவன் தங்கச்சி, 'என் பூஜை முடியட்டும். இந்த எண்ணெய்க் கோடு காயற வரைக்கும், இந்த மக்மலிப் பூ வாடற வரைக்கும் பொறு'ன்னா. எண்ணெய் காயல, மக்மலியும் வாடல. எமன் திரும்பிப் போயிட்டான். அதனால தங்கச்சிதான் அண்ணனுக்குச் செய்யணும். பொண்டாட்டி செய்யவே கூடாது. பூஜை முடியற வரைக்கும் அவன் கோட்டைத் தாண்டி வெளிய வரவும் கூடாது."

"உங்க வீட்டுல?"

"என் மனைவி தில்சோபா டீயோட காத்துட்டு இருக்கா மேடம்."

கிருஷ்ணர் கோயில் வாசலில் இருவரையும் படம் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, காய்லாவின் காதில், "நான் போன் பண்ணினப்பறம்தான் கூட்டிட்டு வரணும்," என்று ஓதிவிட்டு அஷ்டமான் வீட்டுக்கு ஓடினார்.

*

மாடியறையில் தில்சோபா தரையில் மாவால் மண்டலம் போட்டு வைத்திருந்தாள். அவர் உட்கார்ந்தார். போனைச் சட்டையோடு சேர்த்து ஆணியில் மாட்டினார். அவள் அறுகம்புல்லால் எண்ணெய் தொட்டு, அவரைச் சுற்றி மெதுவாகக் கோடு விட்டாள். தொப்பியைக் கழற்றச் சொன்னாள். நெற்றியில் அவள் விரல் பட்டபோது அஷ்டமான் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியாக அந்த இடத்தில் விரல் வைத்த அக்காவின் முகம் வரவே மாட்டேன் என்றது. அடை வாசனைதான் வந்தது.

போன் அடித்தது. எழ முடியாது. மறுபடி அடித்தது.

காய்லாவுக்கும் ஒரு தங்கை உண்டு. அவள் அவனை நிமிடத்துக்கொரு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனால் எத்தனை நேரம் பொறுக்க முடியும்?

படியில் சத்தம். பாட்டன் வீடுகளுக்கு வரும் எல்லா வெளிநாட்டவரையும்போல அல்மெய்தா தாழ்ந்த வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் அந்த அம்மாள். அவள் கையில் குழந்தைகளுக்காக வாங்கிவந்த சாக்லேட் பெட்டி.

"மிஸ்டர் அஷ்டமான்," என்றார் அல்மெய்தா, மண்டலத்தைப் பார்த்து. "இது நீங்க கார்ல சொன்ன தங்கச்சி சடங்கு மாதிரியே இருக்கே?"

அஷ்டமான் ஒரு நொடியில் முடிவெடுத்தார். "ஆமாம் சார், இவ என் தங்கச்சி. மனைவி அவ அண்ணன் வீட்டுக்கு..."

"ஐ ஒய்ஃப்!" என்றாள் தில்சோபா உரக்க. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

"தங்கச்சி சார்."

"ஒய்ஃப்! ஒய்ஃப்!"

எழுந்துபோய் வெளியே கூட்டிச்சென்று சமாளிக்கலாம் என்று அஷ்டமான் ஒரு காலை ஊன்றினார்.

"கோட்டைத் தாண்டினே, எமன் வர்றதுக்கு முன்னாடி நானே உன்னைக் கொன்னுடுவேன்," என்று தில்சோபா நேவாரி மொழியில் சிரித்த முகத்தோடு சொன்னாள். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாடிக்கையாளர் நிற்க, வழிகாட்டி உட்கார்ந்திருந்தார்.

"குழந்தைங்க எங்க?" அந்த அம்மாள் பெட்டியை நீட்டினாள்.

"ஒரே பையன், ஆஸ்திரேலியா," என்றார் அஷ்டமான். அதே நேரத்தில் தில்சோபா இரண்டு விரலைக் காட்டினாள். "அது... அவனைத் தவிர இன்னும் ரெண்டு," என்று சேர்த்துக்கொண்டார். "உங்களுக்கு சார்?"

"இல்ல," என்றார் அல்மெய்தா.

"நாலு," என்றாள் அவள்.

அஷ்டமான் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டிருந்ததால் அவர்கள் பிள்ளைகளைக் கவனிக்கவில்லை. ஏர்போர்ட் வாசலில் தான் பேர்ப்பலகையோடு நிற்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தொப்பிகூடப் பலகைக்குப் பொருத்தமாக இருந்தது.

அந்த அம்மாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அல்மெய்தா பக்கம் திரும்பினாள். "எங்க ஊர்லயும் இப்படித்தான். நாப்பது வருஷம் ஆனா பொண்டாட்டி தங்கச்சி ஆயிடறா. இல்லீங்களா?"

"ஆமாமா, நாப்பது வருஷம்," என்றார் அல்மெய்தா அவசரமாக. கல்யாண நாள் எந்தக் கணவனுக்குத்தான் நினைவிருக்கிறது!

அவள் கண் தட்டில் கிடந்த இன்னொரு மாலைமேல் போயிற்று. தில்சோபா அதைக் கத்தாருக்காகக் கட்டியிருந்தாள். சாயங்காலம் தம்பி வீடியோவில் வரும்போது போனுக்குப் போட.

"எனக்கும் ஒரு தம்பி இருந்தான்," என்றாள் அந்த அம்மாள். "இதை நான் இவருக்குப் போடலாமா?"

அஷ்டமானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மேடம், வேண்டாம்! கட்டின புருஷனுக்குப் போட்டா அவர் தம்பி ஆயிடுவார். திரும்ப மாத்தவே முடியாது!"

அவள் அல்மெய்தாவைப் பார்த்தாள். அவர் முழங்கால் இரண்டும் சடசடக்கத் தரையில் உட்கார்ந்து, இடித்துக்கொண்ட நெற்றியை நீட்டினார். "வைங்க," என்றார்.

தில்சோபா கொஞ்சம் யோசித்தாள். பிறகு மாலையை எடுத்துக் கொடுத்து, எண்ணெய்க் கிண்ணத்தையும் நகர்த்திவைத்தாள். கோட்டுக்குள் மாட்டிக்கொண்ட அஷ்டமான், தன் கண்ணெதிரில் ஒரு தாம்பத்தியம் கலைவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தார். அந்த அம்மாள் வீங்கிய இடத்தைத் தொடாமல் திலகம் வைத்தாள். அல்மெய்தாவின் கன்னத்தில் ஏதோ வழிந்தது. எண்ணெய் அவ்வளவு மேலே தெறிக்க வாய்ப்பில்லை.

டீயை மறந்தே போய்விட்டார்கள்.

*

பிற்பகலில் தில்சோபா கடை திறக்கக் கீழே போய்விட்டாள். பூஜையில் உடைத்த வால்நட் ஓடுகளுக்கு நடுவில் அஷ்டமான் தனியாக உட்கார்ந்திருந்தார். நெற்றியைத் துடைக்க மனமில்லை. யாரிடம் காட்டுவது என்றும் தெரியவில்லை.

சாஹுஜி கூப்பிட்டார். "என்னய்யா மாயம் பண்ணின? 'இவ்வளவு உண்மையான குடும்பத்தை எங்கும் பார்த்ததில்லை'ன்னு ஹோட்டல்ல இருந்தே எழுதிட்டாங்க! இனிமே எல்லா ஜோடியும் உனக்குத்தான்."

வேலை தப்பியது. நெஞ்சுதான் ஆறவில்லை. தங்கை வீட்டிலிருந்து நெற்றி நிறைய வண்ணத்தோடு காய்லா பலகாரப் பொட்டலம் கொண்டுவந்தபோது, அவர் அவனிடம் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"நாப்பது வருஷத் தாம்பத்தியம்டா காய்லா! ஒரு டீக்கு ஆசைப்பட்டு வந்தவங்களை அக்கா தம்பியா ஆக்கி அனுப்பிட்டேன். இந்தப் பாவம் என்னைச் சும்மா விடுமா?"

காய்லா பலகாரத்தை மென்றுகொண்டே அவரை ஒரு மாதிரி பார்த்தான்.

"அண்ணே, எனக்குத் தெரிஞ்சதே நாலு இங்கிலீஷ் வார்த்தை. அது போதும் இதுக்கு. ஹோட்டல் வாசல்ல இறங்கினதும் அந்தாளு நெத்தியத் தொட்டுப் பாத்துக்கிட்டு அந்தம்மாகிட்ட கேட்டாரு: 'சிஸ்டர், உங்க பேரு என்ன?'"