பல் டாக்டர் மாப்பிள்ளைக்கு, கியர் விஷயமாக

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. இங்கே காரைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே நீங்களும் மகளும் சௌக்கியமா என்பது மகள் போனை எடுத்தால் தெரியவரும். எடுத்து ஒன்பது நாளாகிறது.

நான் எதையும் பூசி மெழுகுகிற ஆள் இல்லை. அன்றைக்கு எங்கள் வாசலில் நீங்கள் ரிவர்ஸ் போட்டபோது கார் அலறியது, எதிர்வீட்டு மாடியில் ரெண்டு தலை எட்டிப் பார்த்தது, எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன மாப்பிள்ளை, கியர் போடுறீங்களா, கல்லு அரைக்கிறீங்களா? ஊர்ப் பல்லையெல்லாம் காப்பாத்துற மனுசன், கியரோட பல்லை இப்படிக் கடிக்க விடலாமா?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தீர்கள். மகள் மட்டும் திரும்பி, "நீங்க குடுத்த காரை நீங்களே வெச்சுக்கங்கப்பா" என்றாள். அன்றிலிருந்து உங்கள் அத்தை எனக்குச் சாப்பாடு போடுகிறாள், பேச்சு போடுவதில்லை.

ஆகவே மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் சில விஷயம். கிளட்ச்சை அடிவரை மிதிக்க வேண்டும், பாதி மிதித்துவிட்டுக் கியரைத் தள்ளக் கூடாது. வண்டி முழுசாக நின்ற பிறகுதான் ரிவர்ஸ். அப்படியும் முரண்டு பிடித்தால் முன்கியர் ஒன்றைப் போட்டு எடுத்துவிட்டு ரிவர்ஸுக்குப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நியூட்ரலில் ஒரு மூச்சு நில்லுங்கள்.

அந்த ஒரு மூச்சை இப்போதுதான் கண்டுகொண்டேன் மாப்பிள்ளை. மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் காரை எடுத்துக்கொண்டு குடோன் பக்கத்து ஆளில்லாத சாலைக்குப் போகிறேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் சாலை தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருக்கிறது. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்ததும் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு விட்டுப்போய், கார் யாருக்கும் சொந்தமில்லாததுபோல் மிதக்கிறது, மரங்கள் தானாகப் பின்னால் போகின்றன, மகள் ஆறு வயசில் பின்சீட்டில் வாய் திறந்து தூங்குகிறாள், எனக்கு எந்தக் கடையையும் திறக்க வேண்டியதில்லை. பிறகு கியரைப் போடுகிறேன். கர்ர்ர். பின்சீட்டில் யாருமில்லை.

ஆமாம், நான் போட்டாலும் கியர் கடிக்கத்தான் செய்கிறது. உங்கள் பழக்கம் காருக்குள் அப்படி ஊறிப்போயிருக்கிறது. நீங்கள் அதை ஒப்புக்கொண்டால் நானும் மன்னிப்பை முழுசாகக் கேட்டுவிடுவேன்.

இருவரும் நீடூழி, சத்தமில்லாமல் வாழ ஆசீர்வாதம்.

மாமா

பின்குறிப்பு: ஆசீர்வாதம் தவிர மேலே உள்ள எல்லாவற்றையும் அடித்துவிடவும். கவரை ஒட்டுவதற்குள், நான் வரச்சொல்லியிருந்த மெக்கானிக் வந்து காருக்குள் தலையை விட்டார்.

"என்ன சார் இது, மெத்தையா?"

"கால் மேட். நம்ம கடைச் சரக்கு. காரை மாப்பிள்ளைக்குக் குடுத்த அன்னிக்கு நானே போட்டேன்."

"எத்தனை?"

"மூணு. ஒண்ணு மேல ஒண்ணு. மாப்பிள்ளை கால் நோகக் கூடாதுல்ல."

"அதான் கிளட்ச் பாதியிலயே முட்டி நிக்குது. பாவம், யாரு ஓட்டினாலும் கடிக்கத்தான் செய்யும்."

மூன்றையும் உருவிப் போட்டார். ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லை. நம்பாமல் ஏழு தரம் போட்டேன்.

இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உங்கள் கதவுக்கடியில் தள்ளியிருக்கிறேன். கார் வாசலில் நிற்கிறது. நான் உள்ளே நியூட்ரலில் உட்கார்ந்திருக்கிறேன். மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஓட்டப்போவது நீங்கள். நான் பின்சீட்டில், வாயை மூடிக்கொண்டு.