மேற்கு மேய்ச்சல் படல் திறந்து கிடந்த விவரம்

அன்புள்ள லவோன் அக்காவுக்கு, தம்பி எல்ட்ரன் எழுதுவது. இங்கே நானும் மாவிஸும் மாடுகளும் சௌக்கியம். டகோட்டா காற்றுதான் வழக்கம்போல் யார்மேலோ கோபமாக இருக்கிறது. அரிசோனா வெயில் உனக்கும் அத்தானுக்கும் ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

மேற்கு மேய்ச்சலில் மாடு புகுந்துவிட்டது, அரசு ஒப்பந்தம் போச்சு என்று பக்கத்துப் பண்ணை வெர்லின் உனக்குப் போன் போட்டிருப்பான். அவன் வாய்க்கு வேலியே கிடையாது. அந்த மானியம் நின்றால் அந்த நிலத்தில் உன் பாதியைச் சூரியகாந்தி போடுகிறவனுக்கு விற்றுவிடுவதாக நீ போன மாதமே சொல்லிவிட்டாய். அவன் வந்தால் ஒரே வாரத்தில் அத்தனை புல்லையும் உழுது புரட்டிவிடுவான். அப்புறம் என் மாடுகள் பூவை முகர்ந்து பார்த்துத்தான் வயிறு நிரப்ப வேண்டும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நிபந்தனை உனக்குத் தெரியும். பறவைகள் குஞ்சு பொரித்து முடிக்கும்வரை அந்தப் புல்லில் மாடு கால் வைக்கக் கூடாது. புல்லைச் சும்மா விடுவதற்குத்தான் பணம். சும்மா இருப்பதற்கு எனக்குப் பணம் தர ஒருவன் முன்வந்தது வாழ்க்கையிலேயே முதல் தடவை, அதையும் கோட்டைவிட்டேன். காலையில் வேலி பார்க்க உள்ளே போனவன், குறடு கொண்டுவர மறந்தது தெரிந்து, இதோ வந்துவிடுவோமே என்று படலைத் திறந்தபடியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மாவிஸ் கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்து இறக்கியிருந்தாள். சாப்பிட்டேன், சாய்ந்தேன், கண் அசந்துவிட்டது. அதற்குள் பாதி ஊர் அந்தப் படலைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒரு கை, ஒரே ஒரு கை அதைச் சாத்தவில்லை. அடுத்தவன் படலை இருந்தபடியே விட்டுப் போக வேண்டும் என்பதுதான் நம் ஊர் மாட்டுக்காரர் சட்டமாயிற்றே. வெர்லினிடம் கேட்டேன்.

"தெறந்து கெடந்துச்சு, அப்படியே விட்டுட்டேன்."

"மாடு உள்ள போறத பாக்கலையாடா?"

"பாத்தேன். உன் மாடு, உன் படலு. அடுத்தவன் படல்ல கை வைக்கிற மாதிரியா எங்கப்பன் என்னை வளத்தான்?"

சரி, அவன் அப்படி. பாதிரியார் ஹோல்முமா? "தண்ணிக்கு விட்டிருப்பீங்கன்னு நெனச்சேன் எல்ட்ரன். நான் சாத்தப்போய் மாடு தாகத்துல செத்தா, அந்தப் பாவம் யாருக்கு?" என்கிறார். இப்படி ஊரே ஒழுக்கமாக நடந்துகொண்டதில் மாடுகள் ஊர்வலமாக உள்ளே போய்விட்டன.

விழித்துக்கொண்டு ஓடினேன். மாடுகளுக்கு நடுவே அரசு வண்டி நிற்கிறது. வேளாண் அலுவலகத்து மிஸ் கெஸ்லர், கையில் பைனாகுலர். என் உயிர் தொப்பிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"நீங்க வரும்போது மாடு எங்க நின்னுச்சும்மா?" என்றேன்.

"பாதி உள்ள, பாதி வெளிய."

"அப்பவே சாத்தியிருக்கலாமே."

அவர் முகம் சிவந்துவிட்டது. "நானும் மாட்டுக்காரர் மகதான் சார். தெறந்திருக்கிற படல எப்படிச் சாத்துறது?"

அதற்குமேல் அவரால் என்னை முறைக்க முடியவில்லை. மாடுகளை வெளியே விரட்ட அவரே உதவினார். "ஓரத்துப் புல்லுதான் மேஞ்சிருக்கு. மேட்டுக்கு அந்தப் பக்கம் பறவைக் கூடெல்லாம் கலையாம இருந்தா, சின்னத் தவறுன்னு எழுதிடுறேன். நீங்க மாட்ட ஓட்டிட்டுப் போங்க, நான் பாத்துட்டு வரேன்" என்று வண்டியை மேட்டுக்கு விட்டார். நான் மாடுகளைப் பட்டியில் அடைத்தேன். திரும்பி வந்து, திறந்து கிடந்த படலை இழுத்துச் சாத்தி, சங்கிலி சுற்றி, புதுப் பூட்டும் போட்டேன். இனி எவனும் எதையும் இருந்தபடியே விட்டுப் போக முடியாது. ஆகவே எல்லாம் பத்திரம், ஒப்பந்தமும் பத்திரம். விற்காதே அக்கா.

அத்தானின் முழங்காலுக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் இருவரையும் நிழலில் வைத்திருக்கட்டும்.

உன் தம்பி,
எல்ட்ரன்

பி.கு: மாவிஸ் சமையலறையிலிருந்து கேட்கிறாள்: "மேக்கால யாரோ ரொம்ப நேரமா ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்காங்களே, யாருங்க அது?" மிஸ் கெஸ்லர் இன்னும் அந்த அறிக்கையை எழுதவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். நான் மறுபடி எழுதும்வரை, மேலே 'எல்லாம் பத்திரம்' என்று இருக்கும் வரியை மட்டும் நீ இன்னும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்.