மாமனார் பாதியில் எழுந்துபோன படம்

எனக்குப் பேச வராது. பேசாமல் இருந்து கெட்டது கொஞ்சம். ஒரே ஒரு தடவை பேசிக் கெட்டதுதான் அதிகம். அந்த ஒரு தடவையைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. எட்டாவதோடு படிப்பு முடிந்துவிட்டது. கப்பலூரில் ஒரு சின்னப் பட்டறையில் லேத்து வேலை. போல்ட்டு, நட்டு. காலையில் போல்ட்டு, மதியம் நட்டு. டவுனில் வரிசையாகக் கட்டிவிட்ட அறைகளில் ஒன்றில் தனியாக இருந்தேன். எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஊரே வேலைக்குப் போயிருக்கும் நாளில் விடுமுறை கிடைப்பது ஒருவகை தண்டனை. பேச ஆள் இருக்காது. அந்த வரிசையில் அன்று நானும் தண்ணீர்க் குழாயும்தான் (அதுவும் ஒன்பது மணிக்கு நின்றுபோகும்).

எண்பதுகளின் தொடக்கம். மே மாதம். ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெருக் கொட்டகையில் காலைக் காட்சிக்கு ஓர் ஆங்கிலப் படம் போட்டார்கள். ஆங்கிலப் பெயர் என்னவோ, எனக்கு வாசிக்கத் தெரியாது. கொட்டகைக்காரர்கள் தமிழில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 'சந்திர மண்டலத்தில் சல்லாபம்'. சுவரொட்டியில் ஒரு பெண். அவள் தலையைவிடப் பெரிதாக, வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு முத்திரை.

பொய் சொல்லக் கூடாது. முதல் நாள் நானும் அந்தச் சுவரொட்டியை நம்பித்தான் போனேன்.

படத்தில் அந்தப் பெண் இரண்டு நிமிடம் வருகிறாள். கனவில். கழுத்திலிருந்து கால் விரல்வரை வெள்ளி நிறத்தில் உடுப்பு, தலையில் கண்ணாடிக் குடம். எங்கள் பட்டறையில் வெல்டிங் வைப்பவர்கூட அவ்வளவு மூடிக்கொள்வதில்லை. கொட்டகையே எழுந்து நின்று கத்தியது. பாதிப் பேர் இடைவேளையில் போய்விட்டார்கள்.

நான் போகவில்லை.

படத்தில் ஒரே ஒரு ஆள். ஏதோ ஒரு கிரகம், மரம் மட்டை எதுவும் கிடையாது. அங்கே ஒரு உயரமான இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் ஒரு விளக்கு. வானத்தில் போகிற கப்பல்களுக்கு அது வழி காட்டும் போல. புழுதிக் காற்று அடிக்கும்போதெல்லாம் கோபுரத்தில் போல்ட்டுகள் தளர்ந்துவிடும். அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறி ஒவ்வொன்றாக முடுக்குவான். முடுக்கிவிட்டு இறங்கி வந்து சாப்பிடுவான். சாப்பிடும்போது இரண்டு தட்டு வைப்பான். எதிர்த் தட்டுக்கு ஆள் கிடையாது.

அதுவரை நான் பார்த்த கதாநாயகர்கள் போலீஸ், பண்ணையார், வக்கீல். போல்ட்டு முடுக்குகிற கதாநாயகனை அன்றுதான் பார்த்தேன். சரியாகவும் முடுக்கினான். கடைசியில் ஒரு கப்பல் வந்து இறங்குகிறது. அவன் ஓடிப்போய்க் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சீவுகிறான். கப்பலின் கதவு திறக்கிறது. படம் முடிந்துவிட்டது. வந்தது யார் என்று காட்டவில்லை. மிச்சம் இருந்த ஆட்களும் கொட்டகைக்காரரை அவர் அம்மாவோடு சேர்த்துத் திட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாளும் போனேன். அந்த வாரம் முழுக்க எனக்கு மதியம் இரண்டு மணி ஷிப்டு. படம் விட்டதும் பஸ் ஏறினால் நேரம் சரியாக இருக்கும். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். கொட்டகையில் என்னைத் தவிர தினமும் வந்தது இன்னும் ஓர் ஆள்தான். பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்காருவார். மடியில் ஒரு பழுப்பு நிறத் தோல் பை. பேசிக்கொண்டதில்லை. நான் தலையசைப்பேன், அவர் தலையைக் குனிந்துகொள்வார். (கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். நம்ம ஆளு.)

இந்தக் கதையை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. பட்டறையில் லேத்துச் சத்தம். அறையில் சுவர். அதனால் எனக்கு அந்தச் சம்பந்தம் எப்படியாவது கைகூடிவிட வேண்டும் என்று இருந்தது.

சம்பந்தத்தைச் சொல்லவில்லையே. அதற்கு முந்தின வாரம்தான் அக்கா எனக்குத் தல்லாகுளத்தில் பெண் பார்த்திருந்தாள். பெண்ணின் அப்பா கோர்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற டவாலி. பெண் பெயர் செல்வி. நாங்கள் பேசியது ஒரே ஒரு வரி. கிளம்பும்போது வாசலில் நான் தவறான செருப்பில் காலை விட்டேன். "அது அப்பாது. ஒங்களது அந்தா கெடக்கு" என்றாள். எனக்குப் பிடித்துப்போனது. இவளிடம் கதை சொன்னால் கேட்பாள் என்று தோன்றியது.

எங்கள் பக்கம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது என்றால் முதலில் டீக்கடைக்குத்தான் போவார்கள். செல்வியின் அப்பாவும் என் அறைக்கு எதிரே இருந்த காதர் பாய் கடைக்கு வந்திருக்கிறார். பாய்க்கு என்மேல் பிரியம் உண்டு. பின்னால் அவரே சொன்னார்.

"ஒன்னயப் பத்தி நல்லாத்தேன் சொன்னேன் தம்பி. பீடி சிகரெட்டு கெடையாது, தண்ணி கெடையாது, கெட்ட சேர்க்க கெடையாது. தங்கமான பய. காலைல எந்திருச்சுக் குளிச்சு நெத்தில துன்னூறு பூசிக்கிட்டு, தனியா, அதுபாட்டுக்கு இங்கிலீசு படத்துக்குப் போகும். நாலஞ்சு நாளா தெனமும் போகுதுன்னேன்."

"அதையும் சொன்னீகளா?"

"ஒழுங்கான பயன்னு தெரிய வேணாமா?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா செல்லூரிலிருந்து நேரே பட்டறைக்கு வந்துவிட்டாள். நான் லேத்தை நிறுத்தினேன்.

"ஏண்டா, தெனமும் அந்தக் கருமத்தப் பாக்கப் போறியாமே?"

"அது கருமம் இல்லக்கா."

"பின்ன என்னது?"

"போல்ட்டு முடுக்குற படம்."

அக்கா என்னையும் பார்த்தாள், லேத்தையும் பார்த்தாள். "இங்க முடுக்குறது பத்தலயாடா ஒனக்கு? பொண்ணு வீட்டுல வேணாங்குறாக. நீயே போயி என்னத்தச் சொல்லுவியோ சொல்லு."

மறுநாள் புதன்கிழமை. படத்துக்குப் போகாமல் தல்லாகுளம் போனேன். கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை, அவர் வீட்டில்தான் இருந்தார். என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"மாமா, படத்துல தப்பா ஒண்ணும் இல்ல. சுவரொட்டி பொய். நாளைக்கு ஒருநாத்தேன் ஓடும். நீங்களே வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னா வேணாம்."

"எனக்கு இங்கிலீசு தெரியாதேப்பா."

"எனக்கும் தெரியாது."

ஜன்னலுக்கு உள்ளே யாரோ சிரித்தார்கள். செல்விதான். வேறு பெண்கள் அந்த வீட்டில் அந்நேரம் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவர் தாடையைத் தடவினார். "எங்க மூத்த மாப்ள தனபாலு இருக்காரு. சோப்பு யாவாரம். அன்னைக்கு நீங்க வந்தப்ப வெளியூரு போயிருந்தாரு. கொட்டக வாசல மிதிச்சதில்ல. காலைல எட்டரைக்குப் பையத் தூக்குனாருன்னா சாயந்தரந்தேன். அவருகூட ஒரே பந்தில உக்காரப் போற ஆளு எப்புடி இருக்கணும்னு நான் பாக்கணும்ல."

"பாருங்க மாமா."

"சரி. வாரேன்."

வியாழக்கிழமை வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. சுவரொட்டியைத் தாண்டும்போது குடையை விரித்துக்கொண்டார். உள்ளே நாற்காலியில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். கடைசி நாள் என்பதால் கூட்டம் கொஞ்சம் இருந்தது. வந்தவர்கள் வெள்ளி உடுப்புக்காரிக்காகக் காத்திருந்தார்கள். நான் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் போனது. புழுதிக் காற்று அடித்தது. அவன் ஏறினான்.

"இவனுக்கு ஒத்தாசைக்கு ஆள் கெடையாதா?"

"கெடையாது மாமா."

"சம்பளமாச்சும் குடுக்குறாகளா?"

"அதக் காட்டல."

அவன் இறங்கி வந்து இரண்டு தட்டு வைத்தான். மாமா என் பக்கம் சாய்ந்தார். "இன்னொரு தட்டு யாருக்கு?"

"ஆள் வரும்னு வைக்கிறான்."

"வருவாகளா?"

"கடைசில பாருங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கனவில் அந்தப் பெண் வந்தாள். கொட்டகை கத்தியது. மாமா பின்னால் திரும்பி, கோர்ட்டில் கத்துகிற குரலில், "சைலன்ஸ்" என்றார். கொட்டகை அடங்கிவிட்டது. என்னிடம் மெதுவாக, "நல்ல பயலாத்தேன் தெரியிறான்" என்றார். படத்து ஆளைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா, தெரியாது. எதுவாக இருந்தாலும் என் கணக்கில் சம்பந்தம் கைகூடிவிட்டது.

இடைவேளை வந்தது.

அந்த மாதிரிக் காலைக் காட்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. விளக்குப் போட்டதும் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். சிலர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். எங்களுக்குப் பின் வரிசையிலும் ஒருவர் துண்டுக்குள் இருந்தார். துண்டு தலையை மூடியது. மடியில் இருந்த பழுப்பு நிறப் பையை மூடவில்லை.

மாமா அந்தப் பையையே பார்த்தார். தலைத் தீபாவளிக்கு அவரே வாங்கிக் கொடுத்த பை.

"மாப்ள" என்றார்.

துண்டு அசையவில்லை. மறுபடியும், "தனபாலு மாப்ள" என்றார். துண்டு இறங்கியது. என் மூன்றாவது வரிசைக்காரர்.

"மாமா. வெயிலு தாங்கல மாமா. செத்த ஒதுங்குவமேன்னு. இன்னைக்குத்தேன் மொத மொத."

மாமாவின் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது. நம்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார். "வெயிலு சாஸ்திதேன். என்ன தம்பி?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். இருபத்தொன்பது வருடமாக நான் எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்டி வந்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என் மூளை வேறு கணக்குப் போட்டது. மூத்த மாப்பிள்ளை தங்கம். அந்தத் தங்கமே தினமும் இந்தப் படத்துக்கு வருகிறது. அப்படியானால் படம் நல்ல படம். அப்படியானால் நானும் நல்லவன். இதைவிட நல்ல சாட்சி வேறு கிடைக்குமா? (லேத்துல வேல பாக்குறவன் கோர்ட்டுக் கேசு நடத்துனா இப்புடித்தேன்.)

"அண்ணன் தெனமும் வருவாக மாமா" என்றேன். "பின்னால மூணாவது வரிசை. இன்னைக்குத்தேன் முன்னால தள்ளி உக்காந்துட்டாக."

மாமா அவரையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.

"பாதியில எந்திரிச்சுப் போனதே இல்ல."

மாமா குடையை எடுத்தார். நடந்தார். தனபால் பையைத் தூக்கிக்கொண்டு, "மாமா, மாமா" என்று பின்னால் ஓடினார். வாசல் திரையை விலக்கும்போது என்னை ஒருமுறை பார்த்தார். அந்த மாதிரி ஒரு பார்வையை நான் அந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். இப்போது யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். மணி அடித்தது. விளக்கை அணைத்தார்கள். கடைசி நாள். நாளைக்குப் படம் மாறிவிடும். நான் உட்கார்ந்து மீதியைப் பார்த்தேன்.

பக்கத்து நாற்காலியில் அவர் விரித்த கைக்குட்டை அப்படியே இருந்தது.

அடுத்த நாள் விடுமுறை. கைக்குட்டையைத் துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு தல்லாகுளம் போனேன். போவதற்கு அது ஒரு சாக்கு. ஜன்னல் சாத்தியிருந்தது. அவர் வாசலுக்கு வந்து கைக்குட்டையை வாங்கிக்கொண்டார்.

"ஒங்க மேல குத்தமில்ல தம்பி. படமும் நல்ல படந்தேன். ஆனா நாளைக்கு நீங்களும் அவரும் ஒரே பந்தில உக்காந்தா, நான் எந்த மொகத்தப் பாத்துச் சோறு வைக்கிறது? அவருக்கு நான் ஒரு பொண்ணக் குடுத்துட்டேன். அத மாத்த முடியாது. ஒங்கள மாத்தலாம்."

நியாயமாகத்தான் இருந்தது. திரும்பினேன். நாலு அடி வைத்ததும் கூப்பிட்டார்.

"தம்பி. அந்தாளு வந்துச்சா? ரெண்டாவது தட்டுக்கு?"

"கப்பலு எறங்குச்சு. கதவு தெறந்துச்சு. அதோட முடிஞ்சுபோச்சு மாமா."

"யாருன்னு தெரியாதா?"

"தெரியாது."

"இவன் என்ன செஞ்சான்?"

"தலையச் சீவிக்கிட்டு நின்னான்."

அவர் கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

செல்விக்கு அந்த ஆவணியிலேயே திண்டுக்கல்லில் கல்யாணம் ஆனது. எனக்கு அதற்குப் பிறகு இரண்டு இடம் பார்த்தார்கள். தனபால் சோப்பு விற்கப் போன கடைகளில் எல்லாம் என்னைப் பற்றியும் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்புறம் பார்ப்பது நின்றது. எனக்கும் பழகிவிட்டது.

அந்தப் படத்தை யாரும் நல்ல படம் என்று எழுதி நான் கேள்விப்பட்டதில்லை. எனக்குத் தெரிந்து அதை முழுதாக மதித்துப் பார்த்தது நான் ஒருவன், பாதி பார்த்தது ஒரு டவாலி. கிடைத்தால் பாருங்கள். எப்படித் தேடுவது என்று மட்டும் கேட்காதீர்கள். பிறகு வீடியோக் கடைகள் வந்தபோது ஒரு கடையில் கேட்டேன். ஆங்கிலப் பெயர் தெரியாதே. தெரிந்த பெயரைச் சொன்னேன். கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சாயந்தரமா வாங்கண்ணே, கூட்டம் இல்லாதப்ப" என்றார். போகவில்லை.

அக்கா வீட்டில் டிவி வாங்கினார்கள். அதில் ராக்கெட், கிரகம் என்று ஏதாவது தொடர் வரும். வீட்டில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். நிலாவோ நட்சத்திரமோ தெரிந்தால் போதும், அக்கா அடுப்படியிலிருந்தே கத்துவாள்.

"தம்பி, ஒன் மாமனார் வீட்டக் காட்டுறான். ஓடியா."

வீடே சிரிக்கும். அக்கா பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுக்குக் கல்யாணமாகி, வந்த மருமகள்களும் இப்போது அதையே சொல்கிறார்கள். நானும் போய் முன்னால் உட்காருவேன். கல்லும் மண்ணுமாக வெறுங்காடாகக் கிடக்கும். கொஞ்ச நேரம் பார்ப்பேன்.

"வீட்டுல ஆள் இல்ல போலக்கா" என்பேன்.