போர்ச்சுகல் குளிரும் எங்கள் ஊர்க் காப்பும்

மாப்ள உக்கிரபாண்டிக்கு,

உன் தங்கச்சி கனகாவின் மாமனார் சுடலை சொல்லச் சொல்ல, கனகாவே எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இரு. கீழே இருப்பதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும்.

தமுக்கத்தில் பிள்ளைகள் விடிய விடிய உட்கார்ந்து ஜல்லிக்கட்டை மீட்டார்களே, அந்த வருசத்து ஆடி மாதம் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. உனக்கு மறந்துவிட்டது. இல்லையென்றால், என் பேரன் முத்துக்குமரன் போர்ச்சுகல் புட்பால் கிளப்பில் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்ட பேப்பர்காரனிடம், "பிள்ளைக்குக் குளிர் ஒத்துக்கல, ஆத்தா நெனப்புலயே அழுதான்" என்று சொல்லியிருப்பாயா? அதைப் படித்துவிட்டு, அவனைக் கோச்சாக எடுக்க இருந்த பள்ளிக்கூடம், இங்கேயும் பாதியில் ஓடிவிடுவானோ என்று வேலையை நிறுத்தி வைத்திருக்கிறது.

எந்தக் குளிர்? முதல் வருசம் அந்தக் குளிரில்தானே அம்புட்டுக் கோல் போட்டான்? லீவுக்கு வந்தவனுக்கு வியாழக்கிழமை பிளேன். சாமிக்குக் காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவன், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் வெளியே ராத்தங்கக் கூடாது. அதனால்தான் முன்கூட்டியே அவனியாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய்ப் படுடா என்றேன். விழாக் கமிட்டிக்காரன் நீ, "காப்பு வெள்ளிக்கிழமைதான் மாமா, பதறாதீக" என்றாய். செவ்வாய்க்கிழமையே கட்டினீர்கள். பிளக்ஸில் சிரிக்கிற மருமகன் மேடையிலும் உன் பக்கத்தில் நிற்க வேண்டும், அதுதானே உனக்கு.

அதுகூட ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். முதல் பரிவட்டம் யாருக்கு என்று கமிட்டியில் இருந்த மருதுவும் அவன் பங்காளியும் சட்டையைப் பிடித்து, திருவிழா பாதியில் நின்று, தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டு, கூட்டத்திலும் சண்டை வந்து, காப்பு மட்டும் அவிழாமல் பூசாரி கையிலேயே கிடந்தது. பிள்ளை ஊர் எல்லைக் கல்லைப் பார்த்துப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். கிளப்காரன் டாக்டர் சர்டிபிகேட் கேட்டான். நீ பூசாரியிடம் சர்டிபிகேட் வாங்கி அனுப்பினாய். இந்த இடத்தில் கனகா பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். பெற்றவள் சிரிக்கிற காரியமா இது? ஆவணி பிறந்துதான் அவிழ்த்தீர்கள். அதற்குள் அவன் இடத்தில் வேறு ஒருத்தன் ஆடிக்கொண்டிருந்தான். இவன் கப்பலூர்க் கம்பெனியில் பெட்டி தூக்குகிறான்.

"சாமி காரியத்துல குத்தம் சொல்லாதீக" என்பாய். கிழமையை மாற்றிச் சொன்னது சாமி இல்லை.

ஆகையால் இன்றோடு உறவு அறுந்தது. என் வாசலில் கால் வைக்காதே. என் சாவுக்கும் வராதே, வந்தால் எழுந்து உட்காருவேன்.

உன் பெண்டாட்டி பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

சுடலை, கைநாட்டு

பின்குறிப்பு: திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடு. சாப்பாடு இங்கேதான். கமிட்டியில் இருந்தவர் யாராவது நேரில் வந்து நடந்ததைச் சொன்னால் வேலை கொடுப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள். நான் சொன்னால் தாத்தா பேரனுக்குத்தான் பேசுவார் என்கிறார்கள். மருது போய்விட்டான். அவன் பங்காளியும் போய்விட்டான். பூசாரியும் போன தையில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கமிட்டியில் உசிரோடு மிச்சம் இருக்கிறது நீ ஒருத்தன்தான், மாப்ள உக்கிரபாண்டி.