நூற்று நாற்பத்திரண்டு மயில்கள்

காலை ஐந்து பத்து. ஆரணி கல்யாண மண்டபத்தில் மணமகள் அறைக் கதவு திறந்தது. நான் முதலில் பார்த்தது தங்கை திலகாவின் முகத்தை அல்ல, அவள் புடவை பார்டரில் நின்ற மயிலின் மூன்றாவது காலை.

வேலூரில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடமாகப் பிழை திருத்துகிறேன். பிழைகள் என் கண்ணில் படும்; பெரும்பாலும் அச்சான பிறகு. (எங்கள் ஆசிரியர் இதை எழுத்து மூலமாகவே தெரிவித்திருக்கிறார்.)

ஊரில் யாரிடமும் இல்லாத டிசைனில் முகூர்த்தப் புடவை தருகிறேன் என்று வீறாப்பாகச் சொன்னவன் நான்தான். "கடையில இருக்கறதுல ஒண்ணு எடுத்துக்கறேன் ண்ணா" என்றாள் திலகா. கேட்கவில்லை. செல்போனில் ஒரு ஏஐ செயலியிடம் பட்டு பார்டருக்கு மயில் கேட்டேன். பத்து விநாடியில் வந்தது. தோகையில் மயங்கியவன் அதற்குக் கீழே பார்க்கவில்லை.

படத்தைச் சேவூர் நெசவாளர் முருகேசனுக்கு அனுப்பினேன். அவர் போன் செய்தார். "தம்பி, மயிலு ஒரு தினுசா கீதே. சரி பண்ணிடட்டா?"

"ஒரு கோடு கூட மாத்தக்கூடாது. அப்படியே போடுங்க."

(என் எழுத்தில் யாராவது ஒரு காற்புள்ளியை நகர்த்தினாலும் எனக்குச் சோறு இறங்காது.)

தறியில் டிசைனை ஓட்டும் ஜக்கார்டு அட்டையில் ஒரு முறை ஏறிய உருவம் புடவை முழுக்க வரும். பிற்பாடு எண்ணினேன். மயில்கள் 142. கால்கள் 426.

பந்தியில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த முருகேசனிடம் ஓடினேன்.

"மூணு காலுங்க!"

"தெரியுமே. பதினெட்டு நாளா பாத்துக்கினுதான இருந்தேன்."

"சொல்லக்கூடாதா?"

"ஒரு கோடு மாத்தாதன்னீங்க. படிச்சவரு, அதுல எதனா அர்த்தம் இருக்கும்னு உட்டுட்டேன்." சாம்பார் வாளியைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

ஆறு மணிக்கு முகூர்த்தம். மாற்றுவதற்கு வேறு பட்டு இல்லை. மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பவர். தாம்பூலத் தட்டில் குங்குமம் கொட்டியதற்காக நிச்சயதார்த்தத்தையே ஒரு மாதம் தள்ளி வைத்தவர். அவர் கண்ணில் பட்டால் கல்யாணம் நிற்கலாம்.

நான் ஒரு திட்டம் சொன்னேன். தாலி ஏறும்வரை திலகா பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"தாலி கட்டறப்ப பூ விக்கச் சொல்றியா?" என்றாள். நேராக மாப்பிள்ளை வீட்டார் அறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

"அத்த, இந்த மயிலுக்கு மூணு காலு. எங்கண்ணன் வேல. பின்னாடி பாத்து மனசு கஷ்டப்படாதீங்க, எதனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பார்டரை இரண்டு விரலால் பிடித்து, விளக்குக்கு நேரே தூக்கி, மயில் மயிலாக நகர்த்திப் பார்த்தார். வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி பார்க்கும் சத்தம் கேட்டது.

"இவருதான் பேப்பர்ல தப்பு கண்டுபிடிக்கறவரா?"

"ஆமாங்க" என்றேன்.

மீண்டும் பார்டரைப் பார்த்தார்.

"கொறஞ்சிருந்தாதான் தோஷம். இது கூடத்தான கீது." பக்கத்தில் இருந்த நாத்தனாரிடம் திரும்பினார். "பொண்ணு வூட்டு சீரு, நூத்துச் சொச்சம் காலு கூடுதலு. எழுதிக்க."

முகூர்த்தம் குறித்த நேரத்தில் நடந்தது. திலகா என்னோடு நான்கு மாதம் பேசவில்லை. சம்பந்தி வீட்டில் எனக்குச் சொந்தப் பெயர் போய்விட்டது. நான் வாசலில் செருப்பைக் கழற்றினால், "மூணுகாலு மச்சான் வந்துகிறாரு, இன்னொரு செருப்பு எங்கன்னு கேளு" என்று உள்ளிருந்து மாப்பிள்ளை குரல் கொடுப்பார்.

அந்தப் புடவையைத் திலகா அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை கட்டினாள். என் கல்யாணத்துக்கு.