வெண்ணெய் மாதிரி வெட்டும் என்றீர்களே, மாப்பிள்ளை

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் அங்கே வேலை நடக்கும் இடத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் ‘சோதனையில் கண்டதை எழுது, காணாததை எழுதாதே’ என்று சொல்லி அறிவியல் நோட்டு திருத்தியவன் நான். ஆகவே கண்டதை எழுதுகிறேன். இங்கு உங்கள் மெஷின் மட்டும்தான் நலம். போனில் சொல்லியிருப்பேன். நான் கோபப்படும் இடம் வந்ததும் உங்களுக்குச் சரியாகச் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம்.

உங்கள் அத்தை இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்து இன்றோடு இருபத்து நான்கு நாள். போன முறை டாக்டரிடம் போனபோது வாசலின் மூன்று படிகளில் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கியது நானும் மீசையும்தான். மீசையை உங்களுக்குத் தெரியும், தெருமுனையில் லாரிக்குப் பாடி கட்டுகிறாரே, அவர்தான். தூக்கிய இரண்டு பேருக்கும் சேர்த்து வயது நூற்று முப்பது. எதிர்வீட்டார், பக்கத்து வீட்டார் எல்லாரும் நின்று, இந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லி ஒருவர், அந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லி ஒருவர் என்று வழி சொன்னார்கள். கை கொடுக்கத்தான் ஆள் இல்லை. காரில் ஏறியதும் அவள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். “இனிமே என்னை யாரும் மூட்டை மாதிரி தூக்க வேண்டாம். படிமேல ஒரு சரிவு போடுங்க, நானா இறங்கி வரேன். இல்லேன்னா வீட்டுக்குள்ளயே கிடக்கேன்.” வருகிற வியாழக்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். அன்றைக்குத்தான் எழுந்து நிற்க வைக்கலாமா என்று பார்ப்பார்கள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்.

சரிவுக்கு அடியில் போடும் இரும்புச் சட்டத்தை மீசை இரண்டே நாளில் வெல்டு வைத்துத் தந்துவிட்டார். அதன்மேல் பதிக்க நாலு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு இரண்டு வாங்கி வந்தேன், வழுக்காமல் இருக்க மேலே புள்ளி புள்ளியாக இருக்குமே, அந்த வகை. ஒன்று போதும், கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று இரண்டாவது. அப்படி நினைக்க வைத்த தெய்வத்துக்கு நன்றி. தகட்டில் ஒரே ஒரு சிக்கல், வாசல் தூண். தூண் உருண்டை. அது உட்கார தகட்டின் ஓரத்தில் அரைவட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறுக்க முடியாது, உங்கள் அத்தை சாட்சி. “வளைவுக்கு கட்டிங் கிரைண்டர் சரிப்படாது மாமா. நம்ம பிளாஸ்மா மெஷின் உங்க போர்ட்டிகோவுலதானே கிடக்கு. ஸ்விட்சைப் போடுங்க, வெண்ணெய் மாதிரி வெட்டும்.”

வெண்ணெய்! மாப்பிள்ளை, வெண்ணெயை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பட்டறையை இடம் மாற்றும்வரை பத்து நாள் இருக்கட்டும் என்று அந்த மெஷினை இங்கே இறக்கி ஐந்து மாதம் ஆகிறது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேனா? இப்போதும் சொல்லவில்லை. அதன் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். படித்ததும் எனக்கே உற்சாகம் வந்துவிட்டது, மறைப்பதற்கில்லை. விஷயம் இவ்வளவுதான். காற்றை அழுத்தி ஊசித்துளை போன்ற நாசில் வழியாக ஊதுகிறோம். அந்தக் காற்றுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சுகிறோம். காற்று சூடாகி, அதன் அணுக்களே பிய்ந்து, மின்சாரத்தைக் கடத்தும் ஒன்றாக மாறிவிடுகிறது. அதுதான் பிளாஸ்மா, இருபதாயிரம் டிகிரியாம். பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் அறுபது பிள்ளைகளும் ஒற்றைக் கதவில் நெருக்கிக்கொண்டு பாய்வார்களே, அப்படி அது நாசிலில் நெருக்குண்டு பாய்ந்து உலோகத்தை உருக்கும், உருகியதைக் கீழே ஊதியும் தள்ளிவிடும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். இனி நடந்ததைக் கேளுங்கள்.

மீசையிடம் காற்று கம்ப்ரசர் வாங்கி வந்து பூட்டி, முகமூடி, கையுறை, தோல் ஏப்ரன் எல்லாம் மாட்டி, உங்கள் அத்தையைக் கண் கூசாத தூரத்தில் ஜன்னலுக்கு உள்ளே போகச் சொல்லிவிட்டு, நாசில் பொருத்திய கைப்பிடியை, டார்ச் என்கிறார்களே அதை, அழுத்தினேன். நுனியில் நீலமாக ஒரு சின்னச் சுடர் வந்தது. இரண்டு விநாடியில் அணைந்தது. மறுபடி அழுத்தினால் மறுபடி அணைந்தது. ஒரு மணி நேரம் உங்கள் மெஷின் எனக்குக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஜன்னலிலிருந்து அவள் குரல். “என்னங்க, அந்தக் கவ்வியை எதுக்கு மரமேஜை காலுல மாட்டியிருக்கீங்க?” எர்த் கவ்வி! தகட்டில் மாட்ட வேண்டியது. மின்சாரம் டார்ச் வழியாகத் தகட்டுக்குப் போய் கவ்வி வழியாக மெஷினுக்குத் திரும்பினால்தானே சுடர் தகட்டைப் பிடிக்கும்? மின்சுற்று முழுமையாகாவிட்டால் பல்பு எரியாது என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று அவள் கேட்டாள். தவறு உங்களுடையது, மாப்பிள்ளை. ஸ்விட்சைப் போடுங்கள் என்றீர்களே தவிர, கவ்வியை மாட்டுங்கள் என்று சொன்னீர்களா?

மறுநாள் கவ்வியைத் தகட்டில் மாட்டி, ஓரத்தில் சோதனைக்கு வெட்டிப் பார்த்தேன். வெட்டியது. நாலு அங்குலம் போனதும் துப்ப ஆரம்பித்தது, வெற்றிலை போட்டவர் பேசுவதுபோல. நாசிலைக் கழற்றிப் பார்த்தால் வட்டத் துளை கோணிக்கொண்டு முட்டை வடிவில் இருக்கிறது. மீசை வந்து கம்ப்ரசரின் அடித் திருகைத் திறந்தார். அரைச் சொம்பு தண்ணீர் கொட்டியது. காற்றில் ஈரம் இருந்தால் நாசில் தின்னப்பட்டுப் போகுமாம், காய்ந்த காற்றுதான் வேண்டுமாம். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா? இவ்வளவு தெரிந்தவர்தான் இன்னொரு வேலையும் செய்தார். பிளாஸ்மாவெல்லாம் பொம்மை, கேஸ் டார்ச்தான் ஆம்பளை என்று சொல்லிவிட்டு, தன் டார்ச்சைக் கொண்டுவந்து என் தகட்டின் வேண்டாத ஒரு மூலையில் காட்டினார். வேண்டாம் என்று நான் சொல்லி, காரணமும் சொன்னேன், உதாரணத்தோடு. கேஸ் வெட்டுவது உருக்கி அல்ல, எரித்து. சிவக்கச் சூடான இரும்பில் ஆக்சிஜனைப் பாய்ச்சினால் இரும்பே காகிதம் மாதிரி எரியும். உள்ளங்கை அகலம் கனமான இரும்பு என்றால் அவர் டார்ச்தான் ராஜா, நம் மெஷின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அலுமினியத்தின்மேல் பாலுக்கு ஆடைபோல ஒரு துருப்படலம் இருக்கிறது. உள்ளே பால் உருகிவிடும், ஆடை உருகாது. எவர்சில்வரும் இதே ரகம்தான், கேஸுக்கு அடங்காது. அவற்றுக்கும் மெல்லிய தகடுகளுக்கும் வளைவு வேலைக்கும் பிளாஸ்மாதான் ஏற்றது. மின்சாரம் ஓடும் எந்த உலோகமானாலும் போதும். இவ்வளவும் நான் சொல்லி முடிப்பதற்குள் மூலை தொளதொளவென்று தொங்கித் தொப்பென்று அவர் செருப்பின்மேல் விழுந்தது. “சார் சொல்லிக்கிட்டே இருந்தீங்க, காதுல விழல,” என்றார் மீசை, காலை உதறிக்கொண்டே.

இனிதான் முக்கியமான குற்றச்சாட்டு. புது நாசில் மாட்டி, தண்ணீர் வடித்து, அரைவட்டக் கோடு போட்டு, வெட்ட ஆரம்பித்தேன். என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கரும்பலகையில் நான் எழுதினால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் எழுந்து பார்ப்பான். நிதானம், மாப்பிள்ளை, நிதானம். அதே நிதானத்தோடு கோட்டின்மேலேயே, ஒரு இம்மி விலகாமல், மெல்ல மெல்லப் போனேன். பாதி வளைவில் நிறுத்திப் புரட்டிப் பார்த்தால் அடியில் உருகிய உலோகம் கசடாக, மெழுகுவத்தி வழிந்ததுபோல, தொங்குகிறது. வெட்டு ஒரு இடத்தில் இரண்டு மில்லி, ஒரு இடத்தில் ஐந்து. மெதுவாகப் போனால் சுடர் அகண்டு தின்னுமாம், உருகியது கீழேயே ஒட்டிக்கொள்ளுமாம். சரி என்று மீதி வளைவில் வேகமாகப் போனேன். வெட்டு அடிவரை இறங்கவே இல்லை, பொறியெல்லாம் கீழே போகாமல் மேலே கிளம்பி என் முகமூடிமேலேயே வந்து விழுந்தது. மறுபடி ஓட்டித்தான் துண்டு விழுந்தது. அது மட்டுமா? சுழன்று வரும் காற்றினால் வெட்டின் ஒரு பக்கம்தான் செங்குத்தாக வருமாம், மறுபக்கம் சாய்வாக. போகிற திசைக்கு வலப்பக்கம் நல்ல பக்கமாம். இது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுதினாற்போல இருக்கிறது. நான் எதிர்த்திசையில் போயிருக்கிறேன். விளைவு, தூக்கி எறிய வேண்டிய அரைவட்டத் துண்டின் ஓரம் நேர்செங்குத்து; எனக்கு வேண்டிய தகட்டின் ஓரம் சரிந்து, தூணில் அடிப்பக்கம் இடித்துக்கொண்டு உட்காரவே மாட்டேன் என்கிறது. ஒரு தகடு போயே போய்விட்டது.

இதற்கு நடுவில் உங்கள் அத்தை வேறு. இருபத்தைந்து வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் இல்லையா, எதைப் பார்த்தாலும் துணிதான் ஞாபகம் வரும். “சட்டைக் கழுத்து வெட்டுறப்ப நின்னு நின்னு போனா பிசிறுதான் வரும். ஒரே மூச்சுல திருப்பணும். கோட்டுமேலயா வெட்டுவாங்க? கத்தரி தின்னுற அளவை விட்டு, வேண்டாத பக்கத்துல வெட்டணும்.” நான் சொன்னேன், அம்மா தாயே, இது பாப்ளின் துணி அல்ல, இருபதாயிரம் டிகிரி, பௌதிகம். அவள் கத்தரிக்கோலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆகவே, மாப்பிள்ளை அவர்களே, மரியாதையோடு மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமைக்குள் நீங்களே வந்து மீதியிருக்கிற ஒரு தகட்டையும் வெட்டிக் கொடுங்கள். வெட்டிய கையோடு இந்த மெஷினை என் போர்ட்டிகோவை விட்டு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இனி என் ஆயுளில் வெண்ணெய் என்ற சொல்லை என்னிடம் உச்சரிக்காதீர்கள். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். மற்றபடி உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

நீங்களும் என் மகளும் நோய்நொடியில்லாமல், வேலை குறையாமல், கைகால் சுகத்தோடு நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதை எழுதி உறையில் போட்டு இரண்டு நாள் ஆகிறது. தபாலில் சேர்க்கவில்லை. காரணம், நேற்றுக் காலை நான் ஸ்டாம்ப் வாங்கப் போன நேரத்தில் உங்கள் அத்தை மீசையைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள். நான் திரும்பி வரும்போது இரண்டு இரும்பு முக்காலிகளின்மேல் தகடு, கவ்வி தகட்டில், நாற்காலியில் அவள், மடியிலிருந்து பாதம்வரை தோல் ஏப்ரன், முகத்தில் என் முகமூடி. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே டார்ச்சை வைத்து, வலப்பக்கம் நல்ல பக்கம் வருகிற மாதிரி, நிற்காமல், ஒரே மூச்சில் திருப்பிவிட்டாள். புரட்டிப் பார்த்தேன். கசடு இல்லை. தூணில் சட்டைக் கழுத்து மாதிரி போய் உட்கார்ந்தது. முகமூடியைத் தூக்கி, “மாப்பிள்ளை சொன்னது தப்புங்க. வெண்ணெய் எல்லாம் இல்ல. நல்ல பாப்ளின்,” என்றாள்.

எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். மெஷினை எடுக்க வர வேண்டாம், அவள் தர மாட்டாள். எதிர்வீட்டு இரும்பு கேட்டுக்கு ஒரு பூங்கொடி வேலைப்பாடு வரைந்துகொண்டிருக்கிறாள். வருவதானால் நாசில் பத்து வாங்கி வாருங்கள். நேற்று மாலையே மீசை தகட்டைச் சட்டத்தில் பதித்துவிட்டார். இன்று காலை சரிவில் அவளே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கேட்வரை போய், தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினாள். சரிவின் அடியில் நின்று என்னைக் கூப்பிட்டாள். “ஏறுறதுக்கு மட்டும் பின்னாலேர்ந்து கொஞ்சம் தள்ளுங்க. மெதுவா. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே.”