பெயர் எழுதாத என்வலப்

யசிந்தனுக்குப் பின்னால் வரிசையில் ஒன்பது பேர் காத்து நின்றார்கள். அவனோ, காசு வாங்கும் பெண்ணின் முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டி, வேறொரு கடையில் கோலிபிளவர் ஒரு டொலர் இருபது சதம் குறைவு என்பதை நிரூபித்துக்கொண்டிருந்தான். அங்கே என்ன விலையோ அதே விலைக்கு இங்கேயும் தருவார்கள் என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"அப்பா, எவ்ரிவன் இஸ் லுக்கிங்," என்றாள் மகள் தக்ஷிகா. ஆறு வயது. வெட்கப்படத் தொடங்கும் வயது.

"பாக்கட்டும். பாத்துப் பழகட்டும்."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டு விலையை மாற்றினாள். ஒன்றில் ஒரு டொலர் இருபது மிச்சம் என்றால் நாலில் நாலு டொலர் எண்பது மிச்சம் என்று கணக்குப் போட்டு, அவன் நாலு கோலிபிளவர் எடுத்திருந்தான். வீட்டில் கோலிபிளவர் யாரும் சாப்பிடுவதில்லை என்பது கார் பாதி வழி வந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. பம்பஸ், பால், மரக்கறி என்று அன்று அறுபத்திரண்டு டொலர் போய்விட்டது.

இந்த வேலை அவனுடையதல்ல. போன ஞாயிற்றுக்கிழமை வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. வாடகை, கார்க்காசு, பிள்ளை பராமரிப்புக் காசு எல்லாம் போக அவர்களுக்குக் கிழமைக்கு இருநூற்றைம்பது டொலர்தான் மிஞ்சும். அதை வைத்து மனைவி லக்ஷிகா இரண்டு வருடமாகக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு யசிந்தன் கேட்டான்:

"இருநூற்றைம்பது! உது எல்லாம் எங்கை போகுது?"

கைக்குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த லக்ஷிகா கரண்டியை வைத்தாள். எழுந்து போய்க் காசை எடுத்து வந்து, அப்படியே அவன் மடியில் போட்டாள்.

"இந்தக் கிழமை நீங்களே பாருங்கோ. சாப்பாடு, பம்பஸ், காருக்குக் காஸ், கொண்டாட்டம் எல்லாம் உதுக்குள்ளை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலமை ஏழு மணிக்குப் பிள்ளையின்ரை நீச்சல் வகுப்புக்குப் பதியவேணும். தொண்ணூறு டொலர் மிச்சம் வேணும்."

"தொண்ணூறோ? நான் நூற்றிருபது காட்டுறன், நீர் இருந்து பாரும்."

போன முறை காசு இருக்கவில்லை. அதற்கு முந்தைய முறை காசு இருந்தது, ஏழு மணி இரண்டு நிமிடத்துக்குள் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. தக்ஷிகா நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தே இரண்டு குளிர்காலத்தை ஓட்டிவிட்டாள். யசிந்தனுக்கும் நீந்தத் தெரியாது. வேலையிடத்துப் பிக்னிக்கில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, கடலை ரசிப்பதுபோல நடிப்பவன் அவன். மகளுக்கு அந்த நடிப்பு வேண்டாம் என்று மெய்யாகவே ஆசைப்பட்டான். இந்த முறையும் அவளை ஏமாற்றினால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

புதன்கிழமை ஸ்ரௌவ்வில்லில் ஒரு கடையில் அரிசி மூட்டை நாலு டொலர் குறைவு என்று கண்டுபிடித்தான். வேலை முடிந்து, நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போய் வாங்கி வந்தான். அரிசி பதினாறு டொலர், போய்வரக் காஸ் பதினாலு டொலர். தொலைபேசியில் கணக்கு எழுதும்போது 'அரிசியில் லாபம் நாலு டொலர்' என்பதை மட்டும் குறித்துக்கொண்டான். காஸ் எப்படியும் அடிக்க வேண்டியதுதானே என்று தனக்குத் தானே நியாயமும் சொல்லிக்கொண்டான்.

வியாழக்கிழமை தமிழ்க் கடையில் கோழி வாங்கப் போனான்.

"பெட்டியா எடுத்தா றாத்தலுக்கு அரை டொலர் குறையுது, அண்ணை," என்றான் இறைச்சி வெட்டும் பெடியன்.

குறையுது என்ற சொல் காதில் விழுந்தால் யசிந்தனுக்கு அந்தக் கிழமை கை தானாகவே நீண்டது. இருபது றாத்தல் கோழிக் காலோடு, முப்பத்து மூன்று டொலர் கொடுத்துவிட்டு, அவர்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற் படியால் இறங்கி வந்தான்.

"எங்கை வைக்கப் போறியள்?" என்று கேட்டாள் லக்ஷிகா.

"பிறீசருக்குள்ளை."

அவள் பிறீசரைத் திறந்து காட்டினாள். அதற்குள் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவும் ஒரு பட்டாணிப் பையும் இருந்தன. அத்தோடு அது நிரம்பியிருந்தது.

மேலே வீட்டுக்காரர் வீரக்குட்டி அங்கிளிடம் ஓடினான். மட்டக்களப்புக்காரர், மறுத்துப் பேசத் தெரியாதவர்.

"அதுக்கென்ன மனே, கராஜுக்குள்ள பெரிய பிறீசர் ஒண்டு சும்மாதான் கிடக்கு, வையுங்க. வயர்தான் எட்டாது."

எட்டும் வயர் இருபத்தெட்டு டொலர். கோழியில் மிச்சம் பிடித்தது பத்து டொலர். பிறீசர் உறுமத் தொடங்கியபோது யசிந்தன் அதன் மூடியில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். தான் ஒரு மடையன் என்பதை லக்ஷிகா சொல்லாமலே ஒப்புக்கொள்ள அவனுக்கு அந்தத் தனிமை தேவைப்பட்டது.

வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தான். தொண்ணூற்றேழு டொலர் இருந்தது. நூற்றிருபது போனால் போகட்டும், தொண்ணூறு தப்பிவிட்டது! இனித் திங்கள் வரை ஒரு சதமும் செலவழிக்காமல் இருந்தால் போதும். அதற்கும் அவனிடம் திட்டம் இருந்தது.

"நாளைக்கு மத்தியானம் றொய்சன்ரை மகளின்ரை பிறந்தநாள். வயிறு நிறையச் சாப்பிடுவம். வரேக்கை பார்சல் தருவினம், அது இரவுக்கு. மிச்சம் ஞாயிற்றுக்கிழமைக்கு."

"என்வலப்?" என்றாள் லக்ஷிகா.

யசிந்தன் காசை இன்னொரு தரம் எண்ணினான்.

"போன வருசம் எங்கடை பிள்ளைக்கு றொய்சன் அண்ணை நூறு தந்தவர். கொப்பியிலை கிடக்கு."

அந்தக் கொப்பி எல்லா வீட்டிலும் இருக்கும். கொண்டாட்டம் முடிந்த மறுநாள் அந்த வீட்டார் சம்மணம் போட்டிருந்து என்வலப்புகளை உடைப்பார்கள். ஒருவர் எண்ண, மற்றவர் பெயரையும் தொகையையும் எழுதுவார். பிறகு அந்தப் பெயருக்குரியவர் வீட்டில் விசேஷம் வந்தால் கொப்பியைப் பார்த்து அதே தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நண்பன் றொய்சனின் அழைப்பிதழில், அவர்கள் வாசிக்காத பொடி ஆங்கில வரிகளுக்கு மேலே, 'பரிசுகள் வேண்டாம்' என்று போட்டிருந்தது. அப்படிப் போட்டால் பெட்டி கொண்டுவராதே, என்வலப் கொண்டுவா என்று அர்த்தம் என்பது ரொறன்ரோவில் எந்தத் தமிழருக்கும் தெரியும்.

"அதை நான் பாக்கிறன்," என்றான் யசிந்தன். "வேலையிடத்திலை ஒருத்தன் எனக்கு நூறு தரவேணும்."

அப்படி ஒருத்தன் உலகத்திலேயே இல்லை.

சனிக்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்ததும், கேக்குக்குப் பக்கத்தில் தங்க நிறத் தாள் சுற்றிய பெட்டி இருப்பதை யசிந்தன் கண்டான். மேலே நீளமாக ஒரு வெட்டு. ஆட்கள் ஒவ்வொருவராகப் போய் என்வலப்பைப் போட்டார்கள். அவன் கழிப்பறைக்குள் போய்ப் பெயர் எழுதாத ஒரு வெள்ளை என்வலப்பை எடுத்தான். சும்மா போட்டால் மெலிந்து தெரியும். கோட் பையில் தடவியபோது கோலிபிளவர் படம் போட்ட கடை விளம்பரத் தாள் அகப்பட்டது. மடித்து உள்ளே வைத்து, நன்றாக நக்கி ஒட்டினான். இருநூறு பேர் வந்திருக்கும் இடத்தில் ஒரு என்வலப்பை யார் கவனிக்கப் போகிறார்கள்? லக்ஷிகா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிமிர்ந்து நடந்து போய், பெட்டிக்குள் போட்டான்.

அதன் பிறகு அவனுக்கு நல்ல பசி வந்தது. மைக்கில் யாரோ பெட்டிப் பக்கம் கையைக் காட்டி ஆங்கிலத்தில் எதையோ நீளமாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் லக்ஷிகா குழந்தைக்குப் பம்பஸ் மாற்றப் போயிருந்தாள். யசிந்தன் மட்டன் றோல்ஸ் தட்டுக்கு முன்னால் நின்று, நாலாவதை முடித்து ஐந்தாவதைத் தொடங்கியிருந்தான். றொய்சன் வந்து தோளில் தட்டினான்.

"எப்பிடி மச்சான், குடும்பம் நல்லாப் போகுதே?"

"இப்ப வீட்டுச் செலவெல்லாம் நான்தான் பாக்கிறன். கோலிபிளவரிலை மட்டும் நாலு டொலர் எண்பது மிச்சம் பிடிச்சனான், தெரியுமே? விளம்பரத் தாளை நான் கையோடைதான் கொண்டு திரியிறனான்."

பக்கத்தில் நின்ற ஆறேழு பேருக்கும் அந்தக் கதையைச் சொன்னான். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

ஞாயிறு காலை பார்சல் சோற்றைச் சூடாக்கிக்கொண்டே லக்ஷிகா சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"உண்மையா நான் நினைக்கேல்லை. தொண்ணூற்றேழு மிச்சம்! நீங்கள் கெட்டிக்காரன்தான்."

"அப்பா, ஆம் ஐ கோயிங் டு ஸ்விம்மிங்?" என்றாள் தக்ஷிகா.

"ஓம் குஞ்சு. கட்டாயம்."

"இண்டைக்குப் பின்னேரம் றொய்சன் அண்ணை ஆக்கள் பெட்டி உடைப்பினம்," என்றாள் லக்ஷிகா. "போன வருசம் எங்கடை பெட்டியை நாங்கள் உடைச்சது ஞாபகம் இருக்கே? ஒரு என்வலப்புக்குள்ளை ஒண்டுமில்லை, பேருமில்லை. வந்த ஆக்களின்ரை பேரை ஒவ்வொண்டா வெட்டிக்கொண்டு வந்தம். பன்ரண்டு மணிக்கு முதல் ஆளைப் பிடிச்சிட்டமெல்லோ!"

யசிந்தனின் வாய்க்குள் இருந்த சோறு அப்படியே நின்றது.

"அருள்நாயகம் அங்கிள்," என்றாள் லக்ஷிகா சிரிப்பை அடக்க முடியாமல். "இப்பவும் கோயிலிலை அவரைக் காணேக்கை எனக்கு அந்த வெறும் என்வலப்தான் கண்ணுக்கு முன்னாலை வரும். நான் ஒரு பத்துப் பேருக்குத்தான் சொன்னனான்."

பத்துப் பேர்! அருள்நாயகம் அங்கிளாவது வெறும் என்வலப்தான் போட்டார். யசிந்தன் கோலிபிளவர் படத்தோடல்லவா போட்டிருக்கிறான்! பெயரை வெட்டிப் பார்க்கவே தேவையில்லை. உடைத்த மாத்திரத்தில் றொய்சன் அவன் பெயரைச் சொல்லிவிடுவான். பின்னேரத்துக்குள் அவர்கள் இருக்கும் ரூஜ் பகுதி முழுக்கத் தெரியும், நாளைக்கு அஜாக்ஸ் வரை போகும். லக்ஷிகா இனிக் கோயிலுக்கு எப்படிப் போவாள்?

"கார் ரயருக்குக் காத்தடிச்சிட்டு வாறன்," என்று எழுந்தான்.

வெளியே காருக்குள் இருந்து யோசித்தான். தொண்ணூற்றேழைக் கொடுத்தால் மானம் மிஞ்சும், நீச்சல் போகும். கொடுக்காவிட்டால் நீச்சல் மிஞ்சும், மானம் போகும். தக்ஷிகாவின் முகம் வந்து வந்து போனது. இரண்டு நாளில் தொண்ணூறு டொலர் எங்கிருந்தாவது புரட்டிவிடலாம், பெயர் கெட்டால் புரட்ட முடியாது என்று கடைசியில் முடிவெடுத்தான். இரண்டு நாளில் தொண்ணூறு டொலர் புரட்ட அவனுக்கு வழியே இல்லை என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

காரின் குழிக்குள் கிடந்த சில்லறையில் மூன்று டொலர் தேறியது. அதையும் சேர்த்து வீரக்குட்டி அங்கிளிடம் கொடுத்து, நூறு டொலர்த் தாளாக மாற்றினான்.

"ஒரே தாளாக் குடுத்தாத்தான் மதிப்பு மனே," என்றார் அவர், ஏதோ எல்லாம் தெரிந்தவர்போல.

றொய்சனின் புது வீடு விட்பியில். இன்னும் மரம்கூட வளராத தெரு. கதவைத் திறந்தது றொய்சனின் மனைவி றெபேக்கா, இடுப்பில் பிறந்தநாள் குழந்தையோடு.

"வாங்கோ அண்ணை! இவர் மண்டபத்துக் கதிரையளைக் குடுக்கப் போட்டார். என்ன, இந்த நேரத்திலை?"

"ஒண்டுமில்லை றெபேக்கா. நேற்று அவசரத்திலை என்வலப் குடுக்காமப் போட்டன். கோட் பொக்கற்றுக்குள்ளேயே கிடந்தது."

"ஐயோ, வேண்டாம் அண்ணை. நாங்கள் ஒண்டும் வேண்டாம் எண்டுதானே அழைப்பிதழிலை போட்டனாங்கள்."

"அது எல்லாரும் போடுறதுதானே. பிடியும்."

"இல்லை அண்ணை, உண்மையாத்தான் வேண்டாம்."

இரண்டு முறை மறுப்பது மரியாதை என்று யசிந்தனுக்குத் தெரியும். மறுத்ததும் சட்டென்று திருப்பி எடுத்தால் மரியாதைக்கேடு என்பதும் தெரியும். அவன் மூன்றாம் முறையும் நீட்டினான்.

"அண்ணை, பிள்ளைகுட்டியோடை இருக்கிறியள், இதைக் கொண்டுபோங்கோ," என்றாள் றெபேக்கா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

அது அவனுக்குச் சுட்டுவிட்டது. யார் சொன்னது தன்னிடம் இல்லையென்று? என்வலப்பைக் குழந்தையின் கையில் திணித்தான். குழந்தையின் கையில் கொடுத்ததை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். குழந்தையும் உடனே அதன் மூலையைக் கடிக்கத் தொடங்கியது.

"சரி அண்ணை, நீங்கள் இவ்வளவு சொல்லேக்கை…" என்று றெபேக்கா கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

யசிந்தனின் நெஞ்சிலிருந்து பெரிய கல்லொன்று இறங்கியது. காசு போனது, ஆனால் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். காலணியைப் போட்டுக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"அந்தப் பெட்டியை இன்னும் உடைக்கேல்லைத்தானே? அதுக்குள்ளை என்ரை என்வலப் ஒண்டு கிடக்கும். மாறிப் போட்டிட்டன். உடைக்கேக்கை கவனியாதேங்கோ."

றெபேக்கா சிரித்தாள்.

"அது காசுப் பெட்டி இல்லை அண்ணை, எல்லாரும் பிள்ளைக்கு எழுதின கடிதம், அவளுக்குப் பதினெட்டு வயசு வரேக்கைதான் திறப்பம்."